கழுதைப் பாட்டின் நொண்டி

30 அக்டோபர் 1966, ஞாயிறு
லண்டன், டூட்டிங்

ஊரிலிருந்து அப்பாவின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். முதல் மூன்றும் ஆசீர்வாதம், நான்காவதில் விஷயம். "சட்டம் படிக்கப் போன தவநாதன் மேளம் அடிக்கிறான் என்று வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. உருப்படியாக ஏதும் செய்திருந்தால் காட்டு. இல்லையென்றால் தை மாதம் கப்பலேறு. துறைமுகக் கந்தோரில் கிளார்க் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்."

காட்டுவதற்கு ஒன்று கிடைக்கப் போகிறது. நவம்பர் பதினாலாம் தேதி கிளைவ் பென்ட்லி குழு இசைத்தட்டுப் பதிகிறது. உறையின் பின்பக்கத்தில் 'ட்ரம்ஸ்: க. தவநாதன்' என்று வரும். அச்சில் வந்ததை அப்பா நம்புவார். அவர் பேப்பரில் வரும் ராசிபலனையே நம்புகிறவர்.

கிளைவ் பென்ட்லி யார் என்று எழுதிவைக்கிறேன், பிற்காலத்தில் இந்தக் குறிப்பைப் படிக்கும் நானே நம்பமாட்டேன் என்பதால். வயது இருபத்தெட்டு. கறுப்பு அமெரிக்கரின் துயரப் பாட்டான ப்ளூஸுக்கு இங்கிலாந்தில் அவர்தான் மன்னர் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பருத்திக் காட்டில் முதுகு முறிந்த கதையை உருகி உருகிப் பாடுவார். பிறந்து வளர்ந்தது லண்டன் ஓரத்துக் குரொய்டனில், அப்பா பல் வைத்தியர். அப்பா இறந்தபின் இன்றுவரை அம்மாவோடுதான் வாசம். தெற்கே அவர் போன ஆகத் தூரமான இடம் பிரைட்டன் கடற்கரை, ரயிலில் ஒரு மணி நேரம்.

பதினாறு வயதில் பழைய சாமான் கடையொன்றில் ஓர் இசைத்தட்டு வாங்கினார். எசேக்கியேல் பர்டி என்ற கறுப்பு அமெரிக்கர் 1935இல் பாடிய கழுதைப் பாட்டு. இங்கிலாந்தில் அதற்கு வேறு பிரதி இல்லை. அதைக் கேட்டே கிட்டார் பழகினார், குழு கட்டினார், பேர் எடுத்தார். அந்தத் தட்டில் ஓரிடத்தில் நாலு அடிக் கணக்கு தப்புகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், நாலாவது அடி வராமல் மறுபடி ஒன்று. தட்டில் அது ஒரே ஒரு தரம்தான். கிளைவ் அதை மூன்று சரணத்திலும் வைத்துவிட்டார். இதற்குப் 'பென்ட்லி நொண்டி' என்று பெயர். கால்விலங்கு போட்ட மனிதனின் நடை அது என்று பேட்டி கொடுக்கிறார். இப்போது லிவர்பூல் வரைக்கும் பொடியன்கள் நொண்டுகிறார்கள்.

குழுவில் சேர்கிறவனைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, அந்தத் தட்டை ஒருமுறை போட்டுக் காட்டுவார். இரண்டு வருஷத்துக்கு முன் நானும் கண்ணை மூடிக் கேட்டேன். "அற்புதம்" என்றேன். வேலை கிடைத்தது.

விலக்குவதற்கும் ஒரு முறை உண்டு. வாயால் சொல்லமாட்டார். வேனில் பின்னால் இருக்கிறவனை "முன்னால் வந்து உட்காரேன்" என்று கூப்பிடுவார். அதுதான் அவனுக்குக் கடைசிப் பயணம். பதினேழு பேர் முன் சீட்டில் போயிருக்கிறார்கள். அதில் மூன்று பேரின் போஸ்டர் இன்று கிளைவின் போஸ்டரைவிடப் பெரிசு.

1 நவம்பர், செவ்வாய்

கிளைவ் கடிதம் போட்டு அழைத்ததில் பர்டியே வந்து இறங்கிவிட்டார். பத்து நாள் எங்களோடு ஊர் ஊராய்ப் பாடிவிட்டு, முடிவில் எங்கள் இசைத்தட்டிலும் பாடுவார்.

விமான நிலையத்துக்குக் கிளைவும் நானும் போனோம். கிளைவ் மூன்று நாளாய்ச் சவரம் செய்யவில்லை. பஞ்சம் பிழைத்த முகம் வேண்டுமாம். பத்திரிகைப் படத்துக்காக எனக்குத் தலைப்பாகை. எங்கள் போஸ்டரில் நான் 'கீழைத்தேசக் கோயில்களின் மேளக்காரன்'. நான் ட்ரம்ஸ் பழகியது பள்ளிக்கூடச் சாரணர் பாண்டில்.

வெளியே வந்தவர் சாம்பல் நிற சூட்டும் பட்டுக் கழுத்துப்பட்டியும் முகம் பார்க்கக்கூடிய சப்பாத்துமாய் இருந்தார். அறுபத்தொரு வயது. சிக்காகோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்து, கூட்டி, பூட்டுகிற வேலை. மூன்று கிழமை லீவு எடுத்து வந்திருக்கிறார். மரியாதைக்கு எங்கள் ஊர் வழக்கப்படி பர்டியர் என்றே எழுதுகிறேன். அவருடைய இங்கிலீஷை எங்கள் அம்மாவின் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் அதன் ருசி நிற்கும்.

காரில் வைத்துக் கிளைவ் ஒரு பார்சலை நீட்டினார். உள்ளே தோள்பட்டி வைத்த நீல நிற வேலைக்காரக் காற்சட்டை. மேடையில் அதைப் போட்டுக்கொண்டு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துதான் பாடவேண்டும், ஜனங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்றார்.

பர்டியர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உதைப் போட்டுக்கொண்டுதான் நான் அங்கை கக்கூஸ் கழுவுறனான். உதைக் கழட்டிப்போட்டு வரத்தானே பிளேன் ஏறினனான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கிளைவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அது சரி, நீர் ஏன் தலையிலை சீலை சுத்தியிருக்கிறீர்?"

"கிளைவ் சொன்னவர்."

"ஓ," என்றார். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு மீதி வழியெல்லாம் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

2 நவம்பர், புதன்

ஒத்திகை. இந்த நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பர்டியர் தன் கழுதைப் பாட்டைத் தொடங்கினார். தடித்த விரல், ஆனால் பஞ்சுபோல விழுகிறது. இரண்டாம் வரி முடிவில் அவர் நாலு அடியும் நேராகப் போனார். நாங்கள் நால்வரும் பழக்கதோஷத்தில் நொண்டினோம். படியில் கால் தப்பின மாதிரி எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம். மறுபடி தொடங்கினோம். மறுபடி விழுந்தோம்.

"தம்பி, உந்தப் பொடியன் ஏன் உந்த இடத்திலை கெந்துறான்?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் கிளைவ் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் முழங்காலிட்டார். குரலில் அவ்வளவு பணிவு.

"மிஸ்டர் பர்டி, நீங்கள் கோபிக்கக்கூடாது. முப்பது வருஷமாகிவிட்டது, உங்களுக்கு மறந்துபோயிருக்கிறது. அந்த இடத்தில் ஓர் அடி குறையவேண்டும். அது கால்விலங்கின் நடை. உங்கள் முன்னோரின் வேதனை."

"என்ரை முன்னோரோ?"

"ஆமாம்."

"என்ரை அப்பர் தேவாலயத்திலை ஓர்கன் வாசிச்சவர்."

"அந்த வேதனை உங்களை அறியாமலே உங்கள் கையில் வந்திருக்கிறது," என்றார் கிளைவ். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

பாட்டு எழுதினவருக்கே பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற துணிச்சல் குரொய்டனில்தான் விளையும். பர்டியர், எங்கே சூடாக ஏதும் குடிக்கலாம் என்று கேட்டார். தேநீர் கொடுத்தோம். பால் விட்டிருந்ததால் குடிக்கவில்லை.

4 நவம்பர், வெள்ளி
பர்மிங்காம்

முதல் கச்சேரி. காற்சட்டை போட்டார். வைக்கோலில் உட்கார்ந்தார். பாட்டில் அவர் நேராகப் போக, கிளைவ் நொண்ட, நான் இடையில் இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்து இரண்டும் கெட்டு நின்றேன். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

5 நவம்பர், சனி

உள்ளூர்ப் பேப்பரில்: 'முதியவர் சில இடங்களில் தடுமாறினார். பென்ட்லி பரிவோடு தாங்கிப் பிடித்தார்.' மழை. சொக்ஸ் காயவில்லை.

7 நவம்பர், திங்கள்
மான்செஸ்டர் போகும் வழி

வேனில் பர்டியரும் நானும் பின்னால், பெரிய ட்ரம்முக்கு இரண்டு பக்கமும். அவர் மடியில் சுடுதண்ணீர்ப் பை. இந்தக் குளிருக்கு அவர் கண்ட ஒரே மருந்து அதுதான்.

"தம்பி, அந்தப் பாட்டைப் பதியேக்கை நான் தனிய இல்லை. என்ரை தம்பி ஆமோஸும் நிண்டவன்."

தட்டில் ஆமோஸின் பேர் இல்லையே என்றேன்.

"அவன் வாசிக்கேல்லை. பக்கத்திலை நிண்டு காலால் தாளம் போட்டவன். கொம்பனிக்காரர் வாயைத் திறக்கக்கூடாதெண்டு சொல்லியும், நடுவிலை ஒருக்கா 'ஓய் ஸீக்!' எண்டு என்னைக் கூப்பிட்டுப்போட்டான். வீட்டிலை எனக்கு அதுதான் பேர். நல்லா வாசிச்சால் அப்பிடித்தான் கூப்பிடுவான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஆனால் நிப்பாட்டேல்லை."

அடுத்த வருஷம் மரம் அரியும் ஆலையில் ஆமோஸ் செத்துப்போனான். இருபத்திரண்டு வயது. படம்கூட ஒன்றும் எடுத்ததில்லை. தட்டின் பிரதி ஒன்றை ஒருவரும் பர்டியருக்குக் கொடுக்கவில்லை, அவரும் எங்கும் காணவில்லை. தன் பாட்டைத் தானே கேட்டதில்லை.

"உந்தப் பொடியனிட்டைத் தட்டு இருக்கெண்டு கடிதத்திலை எழுதினவன். அதுக்காகத்தான் முக்கியமாய் வந்தனான். ஆமோஸின்ரை குரலை ஒருக்காக் கேக்கவேணும்."

கிளைவிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். புதன்கிழமை ஷெஃபீல்டில் முறைப்படி போட்டுக் காட்டுவதாய்ச் சொன்னாராம்.

ஒன்று எழுதிவைக்கிறேன், பெரிய விஷயமில்லை. நான் சேர்ந்த அன்று தட்டைக் கேட்டபோது, அந்த அடி குறையும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பழைய தட்டென்றால் சத்தம் இருக்கும்தானே. குரல் ஒன்றும் கேட்ட ஞாபகமில்லை.

8 நவம்பர், செவ்வாய்

காலையில் வேன் கதவைத் திறந்ததும் கிளைவ், "டேவ், முன்னால் வந்து உட்காரேன்," என்றார். தவநாதன் என்று சொல்ல அவருக்கு நேரமில்லாததால் நான் டேவ்.

 பின்னாலிருந்து பேஸ் கிட்டார்க்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான்.

இருபது மைல் போனது. பிறகு, "நேற்று அந்தக் கிழவருக்காக நீ நாலாவது அடியை அடித்தாய்," என்றார்.

"அவர் விழுந்துவிடக்கூடாதென்றுதான்."

"டேவ், அவர் தன் பாட்டை மறந்துவிட்டார். அதை இத்தனை வருஷம் கட்டிக் காத்தது நான். திங்கட்கிழமை பதிவில் அந்த நொண்டி இருந்தே ஆகவேண்டும். அதுதான் நான்." ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். "ஒரு கிழமையில் அதை அடிக்கப் பழகுகிற ட்ரம்ஸ்காரன் கிடைக்கமாட்டான். நீ சரியாக அடித்தால் உறையில் உன் முழுப்பேர் வரும். வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் உனக்கே தெரியும்."

சரியாக அடிக்கிறேன் என்றேன். முன் சீட்டில் போய்த் தலை தப்பிய முதல் ஆள் நான்தான். கொண்டாடும் விதமாக ஒரு முழு மீன் வாங்கிச் சாப்பிட்டேன்.

9 நவம்பர், புதன்
ஷெஃபீல்ட்

தங்கும் விடுதியின் முன்னறை. பின்னேரம் நாலு மணி. கிளைவ் கைப்பெட்டி கிராமபோனை வைத்து, பெட்டியிலிருந்து தட்டைக் கைக்குழந்தை மாதிரி எடுத்தார். பர்டியர் சூட் போட்டு வந்திருந்தார். தலை வாரியிருந்தார். யாரோ வீட்டுக்கு வரப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாட்டு ஓடியது. இளம் குரல், அவருடையதுதான். இரண்டாம் வரி. டிக். ஓர் அடி காணவில்லை. பாட்டு தன்பாட்டில் போனது.

ஆமோஸின் குரல் இல்லை.

பர்டியர் முடியும்வரை அசையவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. கிளைவ் என்னைப் பார்த்து, 'கேட்டாயா, இப்போது ஞாபகம் வந்துவிட்டது' என்பதுபோலத் தலையாட்டினார்.

பிறகு மாடிப்படியில் பர்டியர் என்னிடம் சொன்னார்: "பொடியன் சொன்னது சரிதான், தம்பி. நான்தான் மறந்துபோனன். அவன் கூப்பிடேல்லை. நானாய் எனக்குள்ளை ஒரு கதை கட்டி வைச்சிருந்திருக்கிறன், முப்பது வருஷமாய்."

 சாப்பாடு ஆறுகிறது என்றேன்.

10 நவம்பர், வியாழன்
நொட்டிங்காம்

பர்டியர் நொண்டினார். மூன்று சரணத்திலும், எங்களைவிடத் துல்லியமாக. ஒருவரும் விழவில்லை. மேடை இறங்கியதும் கிளைவ் அவரைக் கட்டிப்பிடித்து, "மீட்டுக் கொடுத்துவிட்டேன்," என்றார். சத்தியமாக இந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

11 நவம்பர், வெள்ளி
லண்டன்

ஓய்வு நாள். ட்ரம்முக்குத் தோல் மாற்றக் குரொய்டனில் கிளைவ் வீட்டுக்குப் போனேன். கிளைவ் இல்லை, முடி வெட்டப் போயிருந்தார். மிசிஸ் பென்ட்லி சீரகம்போல ஏதோ போட்ட கேக் தந்தார். நல்ல மனுஷி. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

12 நவம்பர், சனி

சலவைக்கடை. அறை நண்பன் வீரசிங்கத்தின் சட்டைகளும் என் தலையில். அவன் உண்மையாகவே சட்டம் படிக்கிறவன், அதனால் அவன் கை நனையாது.

சோறு சாப்பிடும்போது அவனிடம் பொதுவாக ஒன்று கேட்டேன். ஒருவனுக்கு ஒரு விஷயம் தெரியும், அதைச் சொன்னால் இன்னொருவருக்கு நல்லது, சொல்பவனுக்கு நட்டம், அப்போது அவன் சொல்லத்தான் வேண்டுமா?

"ஆரும் அவனைக் கேட்டதோ?" என்றான்.

"இல்லை."

"பிறகென்ன மச்சான்? கேக்காத கேள்விக்கு ஆரும் மறுமொழி சொல்லத் தேவையில்லை. கோர்ட்டிலையும் அதுதான். எட, அந்தக் கத்தரிக்காயை இஞ்சாலை தள்ளு."

இவ்வளவு பணம் கட்டிப் படிக்கிறான், சும்மாவா சொல்வான். மனசு லேசாகிவிட்டது.

13 நவம்பர், ஞாயிறு

லேசாகவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மிசிஸ் பென்ட்லி கேக் வெட்டும்போது, நான் தட்டுப் பெட்டியைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை, அந்தத் தட்டை நான் ஒருமுறை கெடுத்துவிட்டேன். கிளைவிடம் சொல்லிவிடாதே. கடையிலிருந்து கொண்டுவந்த அன்று அது ஒரே அழுக்கு. அவன் பள்ளிக்கூடத்தால் வருமுன் சுத்தமாக்கி வைப்போம் என்று பாத்திரம் தேய்க்கிற கம்பிப் பஞ்சால் தேய்த்தேன். ஒரு இழுப்பு இழுத்ததும் கீறிவிட்டது. பயந்துபோய்த் துடைத்து உறையில் வைத்துவிட்டேன். அவன் பிறகுதான் முதல்தரம் போட்டுக் கேட்டான். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, பார். அவ்வளவு ஆசையாய்க் கேட்டான்."

கால்விலங்கின் நடை! முன்னோரின் வேதனை! குரொய்டன் குசினியில் ஒரு பல் வைத்தியரின் மனைவி கம்பிப் பஞ்சால் போட்ட கீறலுக்கு இந்த நாட்டின் பாதிப் பொடியன்கள் நொண்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உருண்டு புரண்டு சிரிக்கவேண்டும் போலிருந்தது. சிரிக்க முடியவில்லை.

அவர் துணி எடுக்கப் பின்வளவுக்குப் போனார். நான் தட்டை எடுத்து அவர்களுடைய பெரிய ரேடியோகிராமில் போட்டேன். கீறலில் ஊசி துள்ளித் தட்டின் அடுத்த கோட்டுக்குப் பாய்கிறது, ஒரு சுற்று தொலைகிறது, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் கீறல் தட்டுக்கு நாங்கள் செய்வதைச் செய்தேன். ஊசிக் கையின் தலையில் ஒரு பென்னி நாணயத்தை வைத்தேன். பாரத்துக்கு ஊசி துள்ளவில்லை.

இரண்டாம் வரி முடிந்தது. நாலாவது அடி விழுந்தது, ஒரு சப்பாத்துக்கால் பலகையில் இடித்த சத்தம். அதோடு "ஓய் ஸீக்!" சிரிப்பை அடக்கின இளந்தாரிக் குரல்.

தட்டை உறையில் போட்டு, பென்னியைப் பையில் போட்டு, மிச்சக் கேக்கைச் சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்டதுதான் இப்போது உறுத்துகிறது.

நாளைக்குப் பதிவு. இன்று சொன்னால் கிளைவின் நொண்டி போச்சு, பதிவு போச்சு, என் பேர் போச்சு. நாளை பதிவு முடிந்த பிறகு சொல்லலாம். ஆமோஸ் முப்பது வருஷம் காத்திருந்தான், ஒரு நாளில் என்ன வந்துவிடும்?

14 நவம்பர், திங்கள்

காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். கிளைவ் ஆசீர்வாதத்துக்காகத் தட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து பியானோ மேல் வைத்திருந்தார். கழுதைப் பாட்டு ஒரே தரத்தில் சரிவந்தது. நான் என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அடித்ததில்லை. ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கினார். கிளைவ் என்னிடம் வந்து பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

பர்டியர் கிட்டாரை உறையில் வைத்துவிட்டு என்னிடம் வந்து கை கொடுத்தார்.

"தம்பி, இந்த நாட்டிலை என்ரை பாட்டு எப்பிடிப் போகுமெண்டு எனக்குச் சொல்லித் தராத ஆள் நீர் ஒருத்தர்தான்."

அவர் கை சூடாக இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதைவிட முகத்தில் அறைந்திருக்கலாம்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். "டேவ், என்ன செய்கிறாய்?" என்று கிளைவ் கத்தினார். தட்டை ஒலிப்பதிவு அறைக்குள் கொண்டுபோய் அவர்களுடைய கிராமபோனில் போட்டேன். பென்னியை வைத்தேன். இரண்டு பெரிய ஒலிபெருக்கியிலும் பாட்டு வந்தது. கால் இடித்தது.

"ஓய் ஸீக்!"

பர்டியர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "திரும்பப் போடும்," என்றார். போட்டேன். "திரும்ப." மூன்றாம் தரம் அவர் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார். அன்று 1935இல் சிரித்த இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

கிளைவ் சுண்ணாம்பு பூசிய சுவர்மாதிரி நின்றார். பன்னிரண்டு வருஷ வாழ்க்கை ஒரு பென்னிக்குக் கீழே போய்விட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது அந்தத் தட்டில் உள்ள ஒரு பிழை," என்றார்.

 அவர் ஒலிப்பதிவுக்காரர் பக்கம் திரும்பி, "நாங்கள் பதிந்தது பத்திரமாக இருக்கிறதுதானே?" என்று கேட்டார்.

பர்டியர் என்னைப் பார்த்தார். "தம்பி, உது உமக்கு எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

அவர் வலக்கை விரலை மடக்கி எண்ணினார். "வெள்ளி. சனி. ஞாயிறு." நாலாவது விரலில் நிறுத்தினார். "இண்டைக்குக் காலமையும் என்னோடை இருந்து வாசிச்சனீர்."

அதற்கு முன்னாலேயே இரண்டு வருஷமாய் 'டிக்' சத்தம் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீர் கொஞ்சம் வெளியிலை நில்லும்," என்றார். கோபமில்லை. ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே அனுப்புகிற குரல். கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்றேன். உள்ளே இன்னும் ஏழு தரம் ஆமோஸ் கூப்பிட்டான்.

15 நவம்பர், செவ்வாய்

பர்டியர் போய்விட்டார். விமான நிலையத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஒலிப்பதிவுக்காரர் யாரும் கேட்காமலே அந்த இடத்தை ஒரு டேப்பில் எடுத்துக் கொடுத்தாராம். பேஸ் கிட்டார்க்காரன் சொன்னான். முன்பின் தெரியாத அந்த ஒலிப்பதிவுக்காரருக்கு ஐந்து நிமிஷ வேலை. நீலக் காற்சட்டை மடித்தபடி வேனில் கிடக்கிறது.

நான் முன் சீட்டுக்கு அழைப்பு வரும் என்று காத்திருக்கிறேன்.

19 பிப்ரவரி 1967, ஞாயிறு

அழைப்பு வரவில்லை.

இசைத்தட்டு வந்தது. 'ட்ரம்ஸ்: க. தவநாதன்.' முழுப்பேர், பிழையில்லாமல். கிளைவ் வாக்கு மாறாதவர். உறையின் பின்பக்கத்தில் அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கால்விலங்கைக் காணவில்லை. அந்தக் குறைந்த அடி, எசேக்கியேல் பர்டி தன் இறந்துபோன தம்பி ஆமோஸுக்காகக் காக்கும் மௌனமாம். காரணம் தெரியாமலே அந்த மௌனத்தைப் பன்னிரண்டு வருஷம் தானும் காத்துவந்தாராம், இசை இரத்தத்தைவிட நெருங்கிய உறவாம். படித்து முடித்து வாய்விட்டுச் சிரித்தேன். வீரசிங்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. இரண்டு விமர்சகர்கள் 'அழுதேன்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தட்டை அப்பாவுக்கு அனுப்பினேன். பதில் இரண்டு பக்கம், இரண்டும் ஆசீர்வாதம். கப்பல் வேண்டாமாம். வருகிறவர்களுக்கெல்லாம் உறையின் பின்பக்கத்தைக் காட்டுகிறாராம். இன்னொரு தட்டைச் சிக்காகோவுக்கு அனுப்பினேன், ஒரு கடிதமும் வைத்து. அதற்குப் பதில் இல்லை. இருக்கவும் நியாயமில்லை.

இப்போது கச்சேரியில் புதிதாக ஒரு முறை வந்திருக்கிறது. நேற்று ரெடிங்கில் எண்ணூறு பேர். கழுதைப் பாட்டுத் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இரண்டாம் வரி முடிந்தது. எண்ணூறு பேரும் ஆமோஸுக்காகத் தலை குனிந்தார்கள். கிளைவ் கண்ணை மூடிக்கொண்டார். நான் குச்சியைத் தூக்கி, அடிக்காமல் நிறுத்தினேன்.

மூன்று சரணம், மூன்று தரம். ஒருமுறையும் பிசகவில்லை.